கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் பாரப் பயிற்சி
(கிராமத் தம்பதிகளுக்கான குடும்ப நலச் சொற்பொழிவு)



குடும்ப நலம் என்று சொன்னவுடன் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது காப்பர்-டி, மாத்திரை, ஆபரேஷன் இவைதான். அதில் தவறில்லை. ஆனால் குடும்ப நலம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. பெற்ற பிள்ளைகளை வளர்த்து, படிக்கவைத்து, ஒரு வழிக்குக் கொண்டுவரும் வரை தாயும் தகப்பனும் திடமாக நடமாட வேண்டும். அதற்குப் பிறகும் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இன்று நாம் பேசப்போவது அந்தச் சுவரைப் பற்றித்தான்: உடம்பின் தசை வலுவைப் பற்றியும், அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வளர்த்துக்கொள்ளும் வழியைப் பற்றியும்.

"நாள் பூராவும் வேலை செய்யறோமே, இதுக்கு மேல பயிற்சி எதுக்கு?"

கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

நம்முடைய அப்பா அம்மா காலத்தில் ஏற்றம் இறைத்தார்கள், நெல் குத்தினார்கள், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லியைச் சுற்றியுள்ள ஊர்கள் இன்று அப்படி இல்லை. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சி ஆனது. ஏர் பிடித்த கைகள் எந்திரத்தின் பொத்தானை அழுத்துகின்றன. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டன. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கைக்கும் தோளுக்கும் இருந்த வேலை குறைந்தது என்பதும் உண்மை.

"எங்களுக்கு இன்னும் வயல் வேலை இருக்கே, குடம் சுமக்கறோமே" என்று சிலர் கேட்கலாம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. களை எடுக்கிறவர் நாள் முழுதும் குனிந்தே இருக்கிறார். குடம் சுமக்கிறவர் எப்போதும் ஒரே இடுப்பில் வைக்கிறார். தொழிற்சாலையில் நிற்கிறவர் எட்டு மணி நேரமும் ஒரே நிலையில் நிற்கிறார். உடம்பில் ஒரு பகுதி தேய்கிறது, மறுபகுதி சும்மா கிடக்கிறது. பயிற்சியில் எல்லாத் தசைக்கும் அளவோடு வேலை, பிறகு ஓய்வு, பிறகு உணவு என்று மூன்றும் முறையாகக் கிடைக்கின்றன. தசை வளர்வது பாரம் தூக்கும் நேரத்தில் அல்ல; தூக்கிய பிறகு கிடைக்கும் ஓய்வு நேரத்தில்தான். ஓய்வும் இல்லை, உணவும் இல்லை என்றால் உழைப்பு உடம்பைக் கரைக்குமே தவிர வளர்க்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முப்பது வயதைத் தாண்டியதும் நம் தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. அறுபதுக்கு மேல் அந்தக் குறைவு வேகம் பிடிக்கிறது. "கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியலையே" என்று பாட்டி சொல்வது வயதால் மட்டும் வந்தது அல்ல. வேலை கொடுக்காத தசையாலும் வந்தது.

நம் மாநிலத்தின் நிலை என்ன?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40 பெண்களும் 37 ஆண்களும் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஒரே வீட்டில் ரத்தமும் குறைவு, தொப்பையும் அதிகம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

தசைக்கும் சர்க்கரைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிச் சேமித்து வைப்பது தசைதான். பத்தாயம் சிறியதாக இருந்தால் நெல் வாசலில் சிந்தும். தசை குறைந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் நடை மட்டும் போதாது.

வயது ஒரு தடையா? இல்லை. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு முதியோர் இல்லத்தில் சுமார் 90 வயதுள்ள 10 பேரை 8 வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி செய்யவைத்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. தொண்ணூறில் முடிந்தது நாற்பதில் முடியாதா?

பெண்கள் பாரம் தூக்கலாமா?

தினமும் தூக்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? நிறைந்த பிளாஸ்டிக் குடம் சுமார் 15 கிலோ. அரிசி சிப்பம் 25 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. இவற்றையெல்லாம் தூக்கும்போது யாரும் "பொம்பளை தூக்கலாமா?" என்று கேட்பதில்லை. அளவோடு, முறையோடு, தன் உடம்புக்காகத் தூக்கும்போது மட்டும் கேட்கிறார்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி அருகேயுள்ள வடலிவிளையில் பொங்கல் திருநாளில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது. மாப்பிள்ளையின் வலுவைச் சோதிக்க வைத்த கல்லை இன்று அந்த ஊரில் பெண்களும் தூக்குகிறார்கள். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்குப் பளுதூக்கும் போட்டி வைத்தார்கள். அந்த முதல் போட்டியிலேயே ஆந்திராவைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி, இரண்டு தூக்கல்களிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அவர் கல்யாணம் ஆனவர். அவருடைய கணவரும் பளுதூக்கும் வீரர். கல்யாணத்துக்குப் பிறகும் பாரத்தைக் கீழே வைக்காத வீடு அது. அடுத்த ஆண்டே அவர் ஓர் ஆண் குழந்தைக்குத் தாயும் ஆனார். பாரம் தூக்கினால் பிள்ளை பிறக்காது என்கிற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

"தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோமே?" என்று சில தாய்மார்கள் பயப்படுகிறார்கள். ஆண்களின் தசை பெரிதாகப் பருப்பதற்கு அவர்கள் உடம்பில் அதிகமாகச் சுரக்கும் ஒரு ஹார்மோன் காரணம். பெண்களின் உடம்பில் அது மிகக் குறைவு. ஆகையால் உங்கள் தசை இறுகும், எலும்பு உறுதிப்படும். உருவம் மாறிவிடாது.

ஏன் இருவரும் சேர்ந்து?

முதல் காரணம், தனியாகச் செய்கிறவர் பத்து நாளில் விட்டுவிடுகிறார். ஜோடியாகச் செய்கிறவர்களில் ஒருவர் சோம்பினால் மற்றவர் எழுப்புவார்.

இரண்டாவது, பாரம் தூக்கும்போது முதுகு வளைகிறதா என்று தூக்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

மூன்றாவது, ஒருவர் செய்யும்போது மற்றவர் ஓய்வெடுக்கலாம், எண்ணிக்கை சொல்லலாம். அரை மணியில் இருவர் பயிற்சியும் முடிந்துவிடும்.

நான்காவது காரணத்தைக் கணவன்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். "அவளைச் செய்யச் சொன்னேன் சார், அவதான் செய்யறதில்ல" என்று பலர் சொல்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் போய்வரும் பெண்ணுக்கு அந்த அரை மணி எங்கிருந்து கிடைக்கும்? நீங்கள் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆகவே கணவரின் முதல் பயிற்சி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதுதான். இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிச் சுமந்து வாருங்கள். உங்களுக்கும் பயிற்சி ஆயிற்று, அவருக்கும் நேரம் கிடைத்தது.

தொடங்குமுன் பரிசோதனை

இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று.

1. ரத்த அழுத்தம்: 140/90-க்கு மேல் இருந்தால் டாக்டரைக் கேட்டு, மருந்தோடு சேர்த்துப் பயிற்சி செய்யலாம். மேல் எண் 180-ஐ அல்லது கீழ் எண் 110-ஐத் தாண்டியிருந்தால் அது குறையும் வரை பாரம் தொடவேண்டாம்.

2. ரத்த அளவு: கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ், ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோடு இலேசான பயிற்சியில் தொடங்கலாம். 8 கிராமுக்குக் கீழ் என்றால் முதலில் சிகிச்சை, பிறகுதான் பயிற்சி.

3. சர்க்கரை: இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் குடியுங்கள்.

நெஞ்சு வலி, ஹெர்னியா, கர்ப்பப்பை இறக்கம், கண் விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் பாரம் தூக்கக்கூடாது.

ஆறு பயிற்சிகள்

இதற்கு ஜிம்முக்குப் போகவேண்டிய அவசியமில்லை. போக வசதியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டுச் சாமான்களே போதும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. கட்டைப்பையில் மணலை எடைபோட்டுக் கட்டினால் வேண்டிய பாரம் தயார். முதல் ஐந்து நிமிடம் கை காலை வீசி நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

ஒன்று, உட்கார்ந்து எழுதல். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல உட்காருங்கள். பழகிய பிறகு மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு செய்யுங்கள். இது தொடைக்கும் முழங்காலுக்கும்.

இரண்டு, தண்டால். முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு திண்ணையில், கடைசியில் தரையில். இது மார்புக்கும் தோளுக்கும்.

மூன்று, துண்டு இழுத்தல். இது ஜோடியாகவே செய்ய வேண்டியது. இருவரும் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தோடு பாதத்தை வைத்து, உறுதியான ஒரு துண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முழங்கையைப் பின்னால் இழுக்க, மற்றவர் அளவாக எதிர்த்துக்கொண்டே விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இது முதுகுக்கு.

நான்கு, இடுப்பை மடக்கித் தூக்குதல். காலை அகட்டி நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, முதுகை நேராக வைத்தபடி இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, பையைப் பிடித்து நிமிருங்கள். பாரம் உடம்பை ஒட்டியே வரவேண்டும். சிலிண்டரையும் மூட்டையையும் தூக்க வேண்டிய முறை இதுதான். இதைக் கற்றுக்கொண்டால் பாதி இடுப்பு வலி வராமலே போகும்.

ஐந்து, தலைக்கு மேல் தூக்குதல். இரண்டு கையிலும் பாட்டிலைப் பிடித்து, தோளிலிருந்து மேலே தூக்கி இறக்குங்கள்.

ஆறு, சுமந்து நடத்தல். இரண்டு கையிலும் சமமான பாரத்தோடு, நிமிர்ந்து முப்பது அடி போய்வாருங்கள்.

முதல் ஐந்தையும் 8 முதல் 12 தடவை செய்வது ஒரு சுற்று. ஒவ்வொன்றும் 2 சுற்று. திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். வாரம் 2 நாளானாலும் போதும். முடிக்கும்போது "இன்னும் ரெண்டு தடவை செய்யலாம்" என்கிற தெம்பு பாக்கி இருக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும்.

எப்போது பாரத்தைக் கூட்டுவது? அடுத்தடுத்த இரண்டு நாள், இரண்டு சுற்றிலும் 12 தடவை ஒழுங்காகச் செய்ய முடிந்தால் அரை கிலோவோ ஒரு கிலோவோ கூட்டுங்கள். எண்ணிக்கை மறுபடி 8-க்கு இறங்கும். மெல்ல 12-க்கு ஏற்றுங்கள். 1945-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் டிலோர்ம் என்பவர், காயம்பட்ட சிப்பாய்களின் கால்களை இப்படிப் படிப்படியாகப் பாரம் ஏற்றித்தான் தேற்றினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஒருவருக்கொருவர் திட்டம் போடும் முறை

பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் கணவருக்கு, ஒரு பக்கம் மனைவிக்கு. மனைவியின் பக்கத்தைக் கணவர் எழுத வேண்டும். கணவரின் பக்கத்தை மனைவி எழுத வேண்டும். எழுதுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இப்போது எவ்வளவு முடிகிறது? எங்கே வலிக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறாய்? எந்த நேரம் தோது? மூன்று மாதத்தில் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று ஆசைப்படுகிறாய்? பல வருஷம் குடித்தனம் செய்தும் இந்த நான்கையும் ஒருவரை ஒருவர் கேட்டிராத தம்பதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 42 வயது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நின்றபடி வேலை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. தொப்பை உண்டு. மனைவிக்கு 36 வயது. பூந்தோட்டத்தில் பூப்பறிக்கும் வேலை. இரண்டு பிள்ளைகள். ரத்தம் 10 கிராம். முழங்கால் வலி.

மனைவி கணவருக்கு எழுத வேண்டியது: ஆறு பயிற்சியும் உண்டு. பையின் எடை 5 கிலோவில் தொடக்கம். தலைக்கு மேல் தூக்குவது ஒவ்வொரு கையிலும் ஒரு கிலோ மட்டும். மூச்சை அடக்கக்கூடாது, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாத நாளில் அரை மணி நடை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கி எழுந்த பிறகுதான் பயிற்சி.

கணவர் மனைவிக்கு எழுத வேண்டியது: முதல் மாதம் வாரம் 2 நாள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுற்று. உட்கார்ந்து எழுவதற்கு நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்க வேண்டும். வலிக்காத ஆழம் வரை போதும். பூப்பறிக்க முதுகு குனிந்தே இருப்பதால் துண்டு இழுத்தலும், இடுப்பை மடக்கித் தூக்குதலும் முக்கியம். தூக்கும் பை 3 கிலோ. டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை. அதை டீயோடு சாப்பிடக்கூடாது. ரத்தம் ஏறியபின் 2 சுற்று, வாரம் 3 நாள். பயிற்சி நாளில் குழாயடித் தண்ணீர் கணவர் பொறுப்பு.

பார்த்தீர்களா? ஒரே வீடு, ஒரே பை, ஆனால் திட்டம் இரண்டு. கணவர் தூக்கும் அதே எடையை மனைவி தூக்க வேண்டியதில்லை. போட்டி உங்களுக்குள் அல்ல. போன மாதத்து நோட்டுப் பக்கத்தோடுதான்.

மூன்று விதிகளை மறக்கவேண்டாம். பாரத்தைக் கூட்டுவதா, நிறுத்துவதா என்று முடிவு சொல்கிறவர் தூக்குகிறவர்தான்; எழுதுகிறவர் அல்ல. "போதும்" என்று சொன்னால் போதும். இரண்டாவது, உருவத்தைக் கேலி செய்யக்கூடாது. "குண்டா இருக்கே, அதான் முடியலை" என்ற ஒரு வார்த்தை ஒரு மாதப் பயிற்சியைக் கெடுத்துவிடும். மூன்றாவது, தவறைத் திருத்தும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: "முதுகு நேரா" அல்லது "மூச்சு விடு". பத்தை ஒன்றாகச் சொன்னால் பயிற்சி சண்டையில் முடியும்.

முதல் ஆறு வாரம் உடம்பில் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குடம் இலேசாகத் தோன்றும், மாடிப்படி எளிதாகும். அதுதான் அடையாளம்.

கர்ப்பம், பிரசவம், கருத்தடை

மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் செய்யலாம். அலுப்பாக இருந்தால் ஓய்வெடுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரும் கிராம சுகாதார செவிலியரும் சொல்லும் அளவுக்குள் நடையும் இலேசான பயிற்சியும் செய்யலாம். பாரத்தைக் கூட்டும் காலம் அதுவல்ல. ரத்தப்போக்கோ வயிற்று வலியோ கண்டால் உடனே நிறுத்துங்கள்.

பிரசவமான பிறகு சுமார் ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றபின் ஆரம்பியுங்கள். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்துவது. இதைப் படுத்தபடியே பத்து தடவை செய்யலாம். தும்மும்போது சிறுநீர் கசிவதை இது குறைக்கும்.

காப்பர்-டி போட்டிருப்பவர்கள் பாரம் தூக்கினால் அது நகர்ந்துவிடும் என்பது வீண் பயம். பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு நாளில் இலேசான வேலையும், சுமார் இரண்டு வாரத்தில் படிப்படியாக முழு வேலையும் செய்யலாம். ஆண்களுக்கான நவீன வாசக்டமி முடிந்தவர்கள் ஒரு வாரம் சைக்கிளும் பாரமும் தவிர்த்தால் போதும்.

இங்கே கணவன்மார்களிடம் மனம்விட்டு ஒன்று பேச வேண்டும். "வாசக்டமி பண்ணிக்கிட்டா பலம் போயிடும், மூட்டை தூக்க முடியாது" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தச் சிகிச்சையில் செய்வது விந்தணு வரும் மெல்லிய குழாயை அடைப்பது மட்டும்தான். பலத்துக்கும் ஆண்மைக்கும் காரணமான ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அதன் வழி வேறு. அது முன்போலவே சுரக்கும். தசை குறையாது, தாம்பத்தியமும் குறையாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும் வரை, சுமார் மூன்று மாதம், வேறு தடுப்பு முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். 2019-21 கணக்கெடுப்பில் நம் நாட்டுத் தம்பதிகளில் நூற்றுக்கு 38 பேர் வீட்டில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார். கணவர் செய்துகொண்ட வீடு ஆயிரத்துக்கு மூன்று! இருவரில் பலசாலி நான் என்று சொல்கிறவர், இந்தப் பாரத்தை மட்டும் மனைவி தலையில் வைக்கலாமா?

பவுடரும் ஊசியும்

உண்மையிலேயே ஆண்மையைக் கெடுப்பது வேறொன்று. சீக்கிரம் உடம்பு ஏற்றுகிறேன் என்று சிலர் இளைஞர்களுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் குறையும், சிலருக்கு நின்றேவிடும். நிறுத்திய பிறகும் திரும்பிவரப் பல மாதமாகலாம். புதிதாகக் கல்யாணமாகி, "ஏன் குழந்தை இல்லை?" என்று பெண்ணையே குற்றவாளியாக்கும் குடும்பங்கள் இதையும் யோசிக்க வேண்டும். டாக்டர் எழுதாத ஊசியைத் தொடாதீர்கள்.

தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று 2024-ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு சுமார் 50 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம். பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு இவற்றோடு முருங்கைக் கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவுடர் டப்பாவின் விலையில் ஒரு குடும்பம் பல நாள் முட்டை சாப்பிடலாம்.

ஆனால் அந்த முட்டை யாருக்கு? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பைத் தாய் வழித்துச் சாப்பிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பயிற்சி செய்யும் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு முட்டைதான் இருக்கிறது என்றால் அது ஆளுக்குப் பாதி.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டல் இவற்றில் எது வந்தாலும் பாரத்தைக் கீழே வைத்து 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மறுநாள் தசையில் வரும் இலேசான வலி இயல்பானது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டிலோ முதுகிலோ சுருக்கென்று குத்தும் வலி இயல்பானதல்ல. அது தீரும் வரை அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே! கட்டைப்பை உங்கள் வீட்டில் இருக்கிறது. துண்டு இருக்கிறது. பழைய நோட்டு இருக்கிறது. வேண்டியது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரை மணி, அந்த அரை மணியை ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கும் மனம். இந்த வாரமே இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அழுத்தமும் சர்க்கரையும் ரத்தமும் பார்த்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். அடுத்த திங்கட்கிழமை நோட்டில் முதல் வரியை எழுதுங்கள்.

குடும்ப பாரத்தை இருவர் சுமந்தால் இருவருக்கும் இலேசு.